அடுத்த காம்பராவின் மூன்று மைக்குகள்

எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் முக்கால் மணி நேரம். அவ்வளவு போதும் உங்களுக்கு. பெயரைச் சொன்னால் நாளைக்கே யாராவது ஒரு புண்ணியவான் அதைக் கொண்டுபோய் ஆபீசில் ஒப்படைப்பான். அப்படிப்பட்டவர்கள் எங்கள் லயத்திலும் உண்டு. அந்தச் சங்கதியைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் பவுலினா. வயது நாற்பத்தொன்பது. பதினாறு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள். ஆறு வருடம் இந்தத் தோட்டத்தின் மாதர் தலைவியாக இருந்தேன். என் வீட்டுக்காரர் கபிரியேல் கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை. பிள்ளைகள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாம் காம்பராவில் நாங்கள் இரண்டு பேர். நாலாம் காம்பராவில் நிமலன் ஒரே ஆள்.

லயத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நீளத் தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் அதோடு நின்றுவிடும், கூரையைத் தொடாது. ஒரு காம்பராவில் தும்மினால் மூன்று காம்பரா தள்ளி இருப்பவர் “நூறு வயசு” என்பார். புருஷன் பெண்சாதி சண்டை போடுவதென்றால்கூட தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய்த்தான் போட வேண்டும். இதிலே ரகசியம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிமலனுக்கு இருபத்தொன்பது வயது. அவன் அம்மா விஜயலெட்சுமி என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள், சீனி வருத்தம் முற்றி, போன வருடம் செத்துப்போனாள். அப்பன் எங்கே என்று அவனுக்கே தெரியாது. ஏ.எல். பரீட்சை வரைக்கும் படித்தான். கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நாலு வருடம் நின்றான். சாமான் விலை எல்லாம் எகிறிய வருடம் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். உடைந்த திரையோடு ஒரு பழைய லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு வாடா என்றால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்காது.

ஆனால் குரல், பொய் சொல்லக் கூடாது, நல்ல குரல். மாரியம்மன் திருவிழாவில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்வது அவன்தான். எங்கள் கோவில் பெருநாளுக்கும் பாதர் அவனைத்தான் கூப்பிடுவார். காணாமல்போன செருப்பைப் பற்றி அறிவித்தால்கூட சனம் வேலையை விட்டுவிட்டுக் கேட்கும்.

காம்பரா கம்பனியுடையது. வீட்டில் பேர் பதிந்த தொழிலாளி ஒருவர் இருக்கும் வரைதான் அதில் இருக்கலாம். அம்மா போன பிறகு நிமலன் அங்கே இருந்தது எங்கள் தயவில். மாதர் கமிட்டியில் உள்ள நாங்கள் ஆறு பெண்களும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், ஒரு வாரத்தில் ஆபீஸ் வந்து பூட்டுப் போட்டுவிடும். அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இனி தராசுக் கதை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று இரண்டு கிலோ, இலையில் ஒட்டிய தண்ணிக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். உதடு வெடிக்கிற வெயிலிலும் தண்ணிக்குக் கழிவு! எந்தத் தண்ணி? எங்கள் வியர்வையா? கேட்டால் கணக்கப்பிள்ளை காது கேட்காதவர் மாதிரி பென்சிலைச் சீவுவார். அதனால் ஒருநாள் யாரும் கொழுந்தைக் கொட்டாமல் சாக்கோடு மடுவத்திலேயே உட்கார்ந்துவிடுவது என்று எங்கள் வீட்டில் கூடி முடிவு செய்தோம். அது தை மாதம். நாங்கள் குறித்த நாளில் கணக்கப்பிள்ளை ஒரு கிலோகூடக் கழிக்கவில்லை. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு முழு நிறையையும் எழுதினார். சனம் குளிர்ந்துபோய்க் கொட்டிவிட்டது. அடுத்த நாள் பழைய கழிவு பழையபடி.

மாசியில் மறுபடியும் கூடினோம். ஒரு புதன்கிழமை பேசினோம், வெள்ளிக்கிழமை செய்வதென்று. வெள்ளிக்கிழமை காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றால், ஆபீஸ் பியோன் கையில் ஐந்து உறை. கமிட்டியில் என் சிநேகிதி பெரியாயிக்கும் மற்ற நாலு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம், பெயரெல்லாம் அச்சடித்து. இன்னொரு தடவை பேச்சு எழுந்தால் வேலை போய்விடுமாம்.

எனக்கு மட்டும் கடிதம் வரவில்லை. முன்னொரு தடவை ஒரு மாதம் வேலை நிறுத்திப் பார்த்தும் நான் மசியவில்லை, அதனால் தலைவி மேல் மறுபடி கை வைக்க ஆபீசுக்குத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நாலு பேரிடம் அப்படியே சொல்லியும் வைத்தேன்.

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பீலியில் தண்ணி பிடிக்கிறவள் என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று தோன்றும். அப்படியே ஒவ்வொருவராகக் கழித்துக் கழித்து வந்தபோது நாலாம் காம்பராவில் வந்து நின்றேன்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாசி பிறந்ததிலிருந்து நிமலன் பதுளைக்குப் போவதும் ஏதாவது பெட்டியைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு வருவதுமாக இருந்தான். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். எங்கள் பக்கத்துச் சுவரில்! மத்தியானம் தகரம் கொதிக்கிற நேரத்தில் கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். சுவருக்கு மேலால் அவன் குரல் வந்தது. “நீராவி மேலெழுந்து முகிலாகிறது.” கொஞ்சம் நிறுத்தி மறுபடியும், “நீராவி மேலெழுந்து முகிலாகிறது.” பதினேழு தடவை. நான் எண்ணினேன். புத்தி சரியாக இருக்கிறவன் எவனாவது ஒரே வசனத்தைப் பதினேழு தடவை சொல்வானா? இது ஏதோ அடையாளச் சொல் என்று முடிவு கட்டினேன்.

கபிரியேலிடம் சொன்னேன். “ஏங்க, அடுத்த ரூம்காரன் நம்ம பேச்சத்தான் பிடிச்சுக் குடுக்குறான் போல.”

“எனக்கென்னம்மா தெரியும்” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விட்டார். இந்த மனுசன் எப்போதும் இப்படித்தான், ஒரு காரியத்துக்கும் வாய் திறக்க மாட்டார் என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை நிமலன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். நானும் மகள் வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பின் கதவால் ஏறினேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே பசார் பக்கம் போனான். ஒரு சின்னக் கடை. ரேடியோ, வயர், சோறு சமைக்கிற கரண்ட் சட்டி, எல்லாம் கூரை வரை அடுக்கியிருந்தது. கடைக்காரர் பெயர் ஷிபான் என்று போர்டில் இருந்தது. நான் சட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வேலைக்கு நிற்கிற பெட்டை “என்ன வேணும்?” என்று கேட்டாள். “விலை பாக்குறேன்” என்றேன். இருபது நிமிடம் ஒரே சட்டிக்கு விலை பார்த்தேன்.

நிமலன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். கறுப்பாக, முழங்கை நீளம், தலையில் தங்க நிற வலை. மைக்!

“எப்பிடித் தம்பி?” என்றார் ஷிபான். “நான் சொன்னேன்தானே. நம்மட கடையில ஈக்கிற சாமான்ல இதுதான் பெஸ்ட். அடுத்த வீட்டுல மூச்சு விட்டாலும் இழுத்து எடுத்துரும்.”

“ஆமா நானா” என்று அந்த முஸ்லிம் அண்ணனிடம் சொன்னான் நிமலன். “சொன்ன மாதிரியே பக்கத்து வீட்டுல பேசுறது ஒவ்வொண்ணும் தெளிவாக் கேக்குது.”

எனக்குக் காலிலிருந்து தலைவரை எரிந்தது. இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அவன் அடுத்து என்ன சொன்னான் என்று நின்று கேட்டேனா? கேட்கவில்லை. அதுதான் என் குணம். விறுவிறு என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். விஜயலெட்சுமி செத்தபோது அவளைக் குளிப்பாட்டியதே நான்தான். அவள் பிள்ளை எங்கள் வீட்டுச் சுவரில் மைக் வைக்கிறானாம்.

அன்றைக்குச் சாயந்திரமே மடுவத்தில் பெரியாயியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பெரியாயிக்கும் எனக்கும் ஒரே வயது. ஒன்றாக வயசுக்கு வந்தவர்கள். அவள் கூடைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

“நெசமாவே உன் காதால கேட்டியா?”

“ரெண்டு காதாலயும் கேட்டேன். அவன லயத்த விட்டு வெளியேத்துனாத்தான் நமக்கு விடிவு.”

“சரி. லெட்டர நீயே எழுது. ஞாயித்துக்கெழம பிள்ளைக் காம்பராவுல கூடுவோம். அங்க வச்சு எல்லாரும் கையெழுத்து வைப்போம்” என்றாள். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கடிதத்தை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதி முடித்தேன். நாலாம் காம்பராவில் இருப்பவர் தொழிலாளி அல்ல, லயத்து ஒற்றுமைக்குக் கெடுதல் செய்கிறார், ஆகையால் வெளியேற்றித் தரவும் என்று. வெளியேற்ற வேண்டிய ஆளைப் பற்றி அந்த ஆபீசுக்கே எழுதுகிறோமே, அவன் ஆபீசுக்கு வேண்டியவன் என்றால் எப்படி வெளியேற்றுவார்கள் என்கிற யோசனை எனக்கு வரவேயில்லை. கோபம் வந்தால் எனக்குப் புத்தி மலையேறிவிடும்.

ஆனாலும் சாட்சி ஒன்று கையில் இருந்தால் நல்லது என்று தோன்றியது. சனிக்கிழமை முழங்கால் வலி என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. கபிரியேல் காலையிலேயே கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய்விட்டார். பத்து மணி போல லயம் காலியானதும் நிமலன் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினான். முகமெல்லாம் வேர்வை.

“என்னக்கா?”

“என்ன நொக்கா? எங்கடா அந்த மைக்கு? எங்க வீட்டுப் பேச்சப் பிடிக்கிற மைக்கு?”

அவன் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“உக்காருங்கக்கா” என்றான்.

“உக்காரவா வந்தேன்?”

“உக்காருங்க, எல்லாத்தயும் காட்டுறேன்.”

கொழும்பில் ஒரு கம்பனி, பள்ளிக்கூடப் பாடங்களைத் தமிழில் வாசித்துப் போனில் கேட்கிற மாதிரி செய்கிறதாம். வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாமாம். முதலில் பத்து நிமிடம் வாசித்து அனுப்ப வேண்டும். திங்கட்கிழமைதான் கடைசி நாள். பின்னால் ஈ பறக்கிற சத்தம்கூட இருக்கக் கூடாது. அதற்கு மைக் வேண்டும். விலை கூடிய மைக்கை நினைத்தும் பார்க்க முடியாது, அதனால் விலை குறைந்தவைகளில் எது பரவாயில்லை என்று பார்க்க, ஷிபானிடம் அடையாள அட்டையை ஈடு வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வந்து அதே பாடத்தை வாசித்துப் பார்த்திருக்கிறான். இதையெல்லாம் அவன் சொன்னான். நான் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை.

“நல்லா கத கட்டுற. காதுல பூ சுத்துறதுக்கு வேற ஆளப் பாரு.”

“கேட்டுப் பாருங்க” என்று லேப்டொப்பைத் திறந்து, காதில் மாட்டுகிறதை என்னிடம் கொடுத்தான்.

முதலாவது, கோயில் திருவிழாவில் பிடிப்பார்களே அதே மாதிரியான மைக். பிடியில் சுவிட்ச், தலையில் இரும்பு வலை. அதன் மேல் ஒரு காலுறையை மாட்டியிருந்தான். ‘ப’ என்று சொல்லும்போது வாய்க்காற்று டப்பென்று அடிக்காமல் இருக்கவாம். “இது ஒதட்டுக்கிட்ட வச்சாத்தான் எடுக்கும், ஒரு சாண் தள்ளிப் போனாலும் விட்டுரும். அதான் இதுல நல்லது” என்றான். கேட்டேன். குரல் தடிப்பாக, கிட்டத்தில் நின்று பேசுவது மாதிரி இருந்தது. கொஞ்சம் மங்கல். ஆனால் வேறு ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கு மழை என்றான், தகரத்தில் விழுந்த மழைகூடத் தூரத்து இரைச்சலாகத்தான் இருந்தது.

இரண்டாவது, சட்டையில் குத்துகிற பொத்தான் அளவு மைக். அதில் அவன் குரல் டின்னுக்குள்ளிருந்து வந்தது. அவன் மூச்சு விடும்போதெல்லாம் சட்டை உரசியது. காகம் கத்தியது. “இது ஆகாது, மொத நாளே குடுத்துட்டேன்” என்றான்.

“அந்தக் கறுப்பு மைக்கு? தங்க வல போட்டது?”

“அத புதன்கெழமையே திருப்பிக் குடுத்துட்டேன்க்கா.”

“குடுத்தது தெரியும். அதுல பிடிச்சது இருக்குமே.”

அவன் லேப்டொப்பின் மூடியில் கையை வைத்தான். “அது வேணாங்கக்கா.”

“ஏன் வேணாம்?”

“சொல்றத கேளுங்க. வேணாம்.”

பார்த்தீர்களா! மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். “போடுறியா இல்ல ஊரக் கூட்டவா?” என்று கத்தினேன். அவன் கையை எடுத்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினான்.

எப்படிச் சொல்வது? அவன் வாயைத் திறக்கும் முன்னே உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. அதுதான் அவனுடைய உண்மையான குரல். மற்ற இரண்டிலும் கேட்டது அதன் பாதிகூட இல்லை. நீராவி மேலெழுந்து முகிலாகிறது என்று அவன் சொன்னபோது, சண்டைக்குப் போனவள் ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டேன். பிறகு அந்தக் குரலுக்குப் பின்னால் எங்கள் வீடு கேட்டது. எங்கள் சுடுதண்ணிக் கேத்தலின் மூடி. எங்கள் பலகை இழுபடுகிற சத்தம். அதன் பிறகு போனில், அடங்கிய குரலில், கபிரியேல்.

“ஆமாங்கய்யா... நேத்துப் பேசுனாங்க. வெள்ளிக்கெழம கொழுந்தக் கொட்ட மாட்டாங்களாம்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “பெரியாயி, அதோட அந்த நாலு பேருங்க.” மறுபடி பேச்சில்லை. “இல்லங்கய்யா, பவுலினாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ பேர மட்டும் எழுதிராதீங்கய்யா. நாந்தான் எல்லாத்தயும் சொல்றேனே.”

அதற்கு மேல் நிமலன் மேகத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் வாசித்துக்கொண்டே போனான். நான் காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. கழற்றினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“எப்ப எடுத்தது?” என்று கடைசியில் கேட்டேன்.

“லெட்டர் வந்துச்சே, அதுக்கு மொத நாள். வியாழக்கெழம ரெண்டரை மணி இருக்கும். பொம்பளைங்க மலையில, ஆம்பளைங்க வேல முடிஞ்சு வந்து வெளிய போயிருப்பாங்க. லயம் காலியா இருக்கும்னு நெனச்சு அந்த நேரத்துல வாசிச்சேன்.”

“தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?”

“யாருகிட்டக்கா சொல்றது? தலைவிகிட்டதான் சொல்லணும். தலைவி நீங்கதான்.”

இத்தனை வருடத்தில் என் வாயை அடைத்தவன் அவன் ஒருவன்தான்.

“அப்ப ஏன் அழிக்காம வச்சிருக்க?”

“பொய் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க லெட்டர் எழுதுறது எனக்குத் தெரியும். இந்தச் சொவத்துக்கு மேலால எல்லாந்தான் கேக்குதே. கையெழுத்து வச்சீங்கன்னா எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்னுதான் வச்சிருக்கேன். எனக்குப் போக வேற எடம் இல்ல.”

அவன் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே பெரட்டில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டிருப்பேன்.

“கம்பனிக்கு எத அனுப்பப் போற?”

“கோயில் மைக்குலதான். இன்னைக்கும் அதான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“குரல் நல்லா இருக்குறது அந்தக் கறுப்புலதானே?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் காம்பராவுல வச்சு அதுல வாசிக்க ஏலாது. ஷிபான் நானாகிட்ட அதத்தான் சொன்னேன், பக்கத்து வீடெல்லாம் கேக்குது, இது வேணாம், எடுக்காததாப் பாத்துக் குடுங்கன்னு.”

அந்த மிச்சப் பேச்சைக் கேட்க எனக்கு இன்னும் ஒரு நிமிடம் சட்டிக்கு விலை பார்க்கப் பொறுமை இல்லாமல் போய்விட்டது.

கபிரியேல் இரண்டு மணிக்கு வந்தார். கத்தியைச் சுவரில் சொருகினார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன், எனக்கே ஆச்சரியம்.

“ஆபீசுக்கு போன் பண்ணி அந்த அஞ்சு பேரக் காட்டிக் குடுத்தது நீங்கதானா?”

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆண்டவரே, மறுக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“முந்தி ஒன்ன ஒரு மாசம் வேல நிப்பாட்டுனாங்களே. வெளிய எல்லாருக்கும் முன்னால நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் திரிஞ்ச. அதுக்கப்புறம் ராத்திரியில நீ எப்படி அழுதன்னு எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவ நிப்பாட்டுனா மறுபடி எடுக்க மாட்டேன்னு ஆபீஸ் ஐயா சொன்னாரு.”

“அதுக்கு அவளுகள விப்பீங்களா? பெரியாயி எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி.”

“எனக்குப் பெரியாயி முக்கியமில்ல” என்றார் கபிரியேல். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிமலன் இருக்கிறான் என்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். மலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது, அன்றைக்குத் தொட்டில்கள் எல்லாம் காலி. பெரியாயியும் மற்ற நாலு பேரும் எனக்கு முன்னமே வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நிமலன் லேப்டொப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

கடிதம் என் கையில் இருந்தது. நான் பேசாமல் அதை நீட்டினால் போதும், ஐந்து கையெழுத்து விழுந்துவிடும். அவன் போட்டுக் காட்டினாலும் “இது கம்ப்யூட்டர்ல செஞ்ச வேல” என்று ஒரு கத்துக் கத்தினால் சனம் அவனை நம்பாது, என்னைத்தான் நம்பும் என்று கணக்குப் போட்டேன். வருகிற வழியெல்லாம் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

“நிமலன் இல்ல” என்றேன். “சொல்லிக் குடுத்தது எங்க வீட்டுக்காரரு. நேத்து அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு. அந்தப் பையன ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அவன் காம்பராவுல அவன் இருக்கட்டும்.”

ஐயோ பாவம் என்று ஒருத்தியாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பெரியாயி ரவிக்கைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்தாள். மடித்து மடித்து வேர்வையில் ஊறிய தாள். அதை என் மடியில் வைத்தாள்.

மாதர் தலைவி பவுலினா ஆபீசுக்குத் தகவல் கொடுக்கிறார், அவரைத் தலைவியிலிருந்து நீக்குகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே ஐந்து கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்ததற்கு மறுநாள்.

“எங்க அஞ்சு பேருக்கும் லெட்டர் வந்துச்சு. ஒனக்கு வரல” என்றாள் பெரியாயி. “கபிரியேல் அண்ணன நாங்க நெனக்கல பவுலினா. ஒன்னத்தான் நெனச்சோம்.”

“அப்ப அவன வெளியேத்துறதுக்கு ஏண்டி சரின்னு சொன்ன?”

“நீ எவ்வளவு தூரம் போறன்னு பாக்கத்தான்.”

நான் அவர்களை ஒருத்தி ஒருத்தியாகப் பார்த்தேன். ஊரையே சந்தேகப்பட்டவள், என் பாயில் உட்கார்ந்து என் தேத்தண்ணியைக் குடித்த ஐந்து பேர் என்னைச் சந்தேகப்பட்டதை மோப்பம்கூடப் பிடிக்கவில்லை. தலைவி வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது பெரியாயி தலைவி. சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னால் ஒருநாள் எல்லாரும் கொழுந்தைக் கொட்டாமல் மடுவத்தில் உட்கார்ந்தார்கள். ஆபீசுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. எனக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. நானும் என் சாக்கின் மேல் உட்கார்ந்தேன், பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தண்ணிக் கழிவை நிறுத்திவிட்டார்கள். சாக்குக் கழிவு இன்னும் இருக்கிறது.

நிமலன் கோயில் மைக்கில் வாசித்து அனுப்பியதைக் கம்பனி எடுத்துக்கொண்டது. முதல் மாதம் அதிலேயே வாசித்தான். போன கிழமை பதுளைக்குப் போய்விட்டு ஒரு பெட்டியோடு வந்தான். இந்தத் தடவை மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாசலில் நின்ற என்னிடம் கொண்டுவந்து திறந்தே காட்டினான். கறுப்பு, தங்க நிற வலை. ஷிபான் தவணைக்குக் கொடுத்தாராம். இனிமேல் இதில்தான் வாசிக்கப் போகிறானாம், இரண்டு நாளாக வாசித்துப் பார்த்துவிட்டானாம். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

“ஏம்ப்பா, இது ஆகாதுன்னியே” என்றேன். “இதுல எங்க வீட்டுப் பேச்செல்லாம் விழுமே?”

நிமலன் பெட்டியை மூடினான். எங்கள் கதவுக்குள் கபிரியேல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஒரு தடவை பார்த்தான்.

“இல்லக்கா” என்றான். “இப்ப உங்க வீட்டுல இருந்து ஒண்ணுமே கேக்குறதில்ல.”